ஆனைமலைப் பனியில் பன்னிரண்டு படங்கள்

"அம்மா, உன்கிட்ட பழைய ஸ்டாக்கிங்ஸ் ஏதாவது இருக்கா?"

போன மார்கழியில் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த என் பெண், வந்ததும் வராததுமாகக் கேட்ட கேள்வி இது. கோயமுத்தூரில் பிறந்து, கோயமுத்தூரிலேயே வாழ்க்கைப்பட்டு, ரப்பர் செருப்போடு காலம் தள்ளிவிட்ட என்னிடம் ஸ்டாக்கிங்ஸ் எங்கிருந்து வரும்?

"காலுக்கு இல்லேம்மா, காமிராவுக்கு!" என்றாள்.

விஷயம் இதுதான். என் அப்பாவின் பழைய யாஷிகா காமிரா எங்கள் வீட்டு பீரோவில் பல வருஷமாகத் தூங்கிக் கொண்டிருந்தது. ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு லென்ஸ் வைத்து, மேலே மூடியைத் திறந்து குனிந்து பார்க்கும் ரகம். மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். இதைப் போன வருஷம் எடுத்துக் கொண்டு போனவள், தூசி தட்டி, ரிப்பேர் செய்து, இப்போது அதிலேதான் படம் எடுக்கிறாள். செல்போனில் ஒரு நிமிஷத்தில் நூறு படம் எடுக்கிற காலத்தில் இது என்ன கூத்து என்று நான் கேட்டதுண்டு. "செல்போன்லே எல்லாம் துடைச்சு வெச்ச பாத்திரம் மாதிரி பளிச்சுன்னு இருக்கும்மா. எனக்கு அது வேண்டாம். பழைய சினிமாவிலே கதாநாயகி முகம் கிட்டத்திலே வரும்போது, வெளிச்சம் மெல்லக் கசியற மாதிரி, கனவு மாதிரி இருக்குமே, அது வேணும்" என்றாள்.

யார் முகத்தை அப்படி எடுக்கப் போகிறாள் என்று கேட்டேன். "சின்ன அமுச்சியை" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. என் அம்மா போய் ஐந்து வருஷமாகிறது. அம்மாவை நல்லதாக ஒரு படம் எடுத்து வைக்கவில்லையே என்ற குறை எங்கள் இரண்டு பேருக்குமே உண்டு. அம்மாவின் தங்கை, ஆனைமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் தோப்பு வீட்டில் தனியாக இருக்கிறார். எழுபத்தாறு வயசு. அதே நெற்றி, அதே மூக்கு, சிரிக்கும்போது அதே போல ஒரு பக்கம் மட்டும் குழி விழும். சின்னம்மாவைப் பார்த்தால் அம்மாவைப் பார்த்த மாதிரிதான்.

ஸ்டாக்கிங்ஸ் தேடி கிராஸ் கட் ரோட்டுக்குப் போனோம். மூன்றாவது கடையில், பள்ளிக்கூட டான்ஸுக்குப் போடுவது என்று ஒரு கறுப்பு ஜோடி அகப்பட்டது. பெரிய கடை வீதியில் வெள்ளை வலைத் துணி கால் மீட்டர். கறுப்பு எதற்கு, வெள்ளை எதற்கு என்று கேட்டேன். கறுப்பு வலையை லென்ஸ் முன்னால் இழுத்துக் கட்டினால் வெளிச்சமான இடங்கள் மட்டும் கொஞ்சம் கசியுமாம், நிழல் நிழலாகவே இருக்குமாம். வெள்ளை வலையில் பட்ட வெளிச்சம் படம் முழுவதும் சிதறி, நிழலையும் வெளுக்க வைத்துவிடுமாம். வயசான முகத்துக்குக் கறுப்புதான் நல்லது என்றாள். எந்த வலையானாலும் நடுவில் சின்னதாக ஒரு ஓட்டை வேண்டும், அப்போதுதான் கண்கள் தெளிவாக விழும் என்று, சாமி படத்துக்குக் கொளுத்தி வைத்த ஊதுபத்தியை எடுத்து நைலானில் பட்டென்று ஒரு பொத்தல் போட்டாள். அந்த நாற்றம் போக ஒரு மணி நேரம் ஆயிற்று!

லென்ஸில் வாசலைன் தடவுவார்கள் என்று நானும் கேள்விப்பட்டிருந்ததால் சொல்லிப் பார்த்தேன். "லென்ஸ் மேல தடவினால் தொலைஞ்சது!" என்று பதறினாள். வெறும் கண்ணாடி பில்டர் ஒன்றை முன்னால் மாட்டி, அதன் ஓரங்களில் மட்டும் லேசாகப் பூசி, நடுவைச் சுத்தமாக விடவேண்டும். விரல் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்குக் குறுக்காக வெளிச்சம் கோடு போடும். படிக்கிறவர்கள் யாராவது வீட்டுக் காமிராவில் செய்து பார்ப்பதாக இருந்தால் இதை மறக்க வேண்டாம்.

என் அப்பாவும் ஒரு காலத்தில் இந்த ஆசையில் விழுந்தவர்தான். குளிக்கிற அறையின் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, சிவப்பு பல்பு போட்டு, தானே பிரிண்ட் போடுவார். எங்களூர்க்காரர்களுக்கு அப்போது பிலிம் பக்கத்திலேயே இருந்தது. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1967ல் உற்பத்தியைத் தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் பிலிமும் காகிதமும் வந்து கொண்டிருந்தன. பிலிம் செய்யத் தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும், அது அந்த மலையில் கிடைத்தது. இப்போது அந்தத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. அப்பா ஒரு தடவை எடுக்கும்போது வலை போடாமல், இருட்டறையில் பிரிண்ட் போடும்போது பெரிதாக்கும் லென்ஸுக்குக் கீழே மெல்லிய துணியைப் பிடித்துப் பார்த்தார். அம்மாவின் முகம் கரி பூசினது போல வந்தது! எடுக்கும்போது வலை போட்டால் வெளிச்சம் நிழலுக்குள் கசியும். பிரிண்டில் போட்டால் தலைகீழாக இருட்டு வெளிச்சத்துக்குள் கசியும். காரணம் தெரியாமல் அப்பா அதைக் கிழித்துப் போட்டார். என் பெண் சொல்லித்தான் எனக்கு இப்போது புரிந்தது.

இந்த ஊருக்கும் இந்த மாதிரி மயக்கு வேலைக்கும் பழைய உறவு. ரயில்வேயில் படம் வரையும் வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் சினிமாக் கருவி வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டியதும், 1914ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டியதும் பலருக்குத் தெரிந்திருக்கும். பிறகு சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ, புலியகுளத்தில் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோ. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) சென்ட்ரலில் உருவானது. பானுமதியும் எம்.ஜி.ஆரும் நடித்த 'மலைக்கள்ளன்' (1954) பட்சிராஜாவில். அதே கதையை ஹிந்தியில் 'ஆஸாத்' (1955) என்று எடுத்தபோது திலீப் குமாரும் மீனா குமாரியும் கோயமுத்தூருக்கே வந்து நடித்தார்கள். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க ஸ்டூடியோக்களில் நாயகியின் முகத்தைக் கிட்டத்தில் எடுக்கும்போது லென்ஸுக்கு முன்னால் வலையோ மெல்லிய துணியோ கட்டுவது வழக்கம். புலியகுளம் பக்கம் காய்கறி வாங்கப் போகிறபோதெல்லாம், இந்தத் தெருவில்தானே அந்த முகங்கள் நடமாடின என்று நினைத்துக் கொள்வேன்.

மறுநாள் மத்தியானம் புறப்பட்டோம். உக்கடம், குறிச்சி, ஈச்சனாரிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, கிணத்துக்கடவில் பொன்மலை வேலாயுதசாமிக்குத் தூரத்திலிருந்தே இன்னொன்று. பொள்ளாச்சி ரோட்டில் முன்பு இரு பக்கமும் மரங்கள் கை கோத்து நிற்கும், கூடாரத்துக்குள் போகிற மாதிரி இருக்கும். ரோட்டை அகலப்படுத்திய பிறகு அந்த நிழல் இல்லை. காரில் குளிர்ப்பெட்டி போட்டுக் கொண்டு போனதற்கு என் பெண் திட்டினாள். குளிர்ந்த காமிராவைத் திடீரென்று வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படிந்துவிடுமாம். "அதுவும் கனவு மாதிரிதானே இருக்கும்?" என்றேன். முறைத்தாள்.

பொள்ளாச்சி தாண்டினால் வேறு ஊர். மேற்கு மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய் என்று ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு இருக்கிறதல்லவா, அது வழியாக வரும் காற்றுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறது இந்தச் சீமை. ஆனி, ஆடியில் சாரலும் மேகமும். வெய்யில் நேராக விழாது, பெரிய வெள்ளை வேட்டியை வானத்தில் கட்டி வைத்த மாதிரி நிழலே இல்லாத வெளிச்சம். மார்கழியில் தோப்புகளுக்குள் பனி. சினிமாக்காரர்கள் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தபோது இங்கே ஓடி வந்ததில் ஆச்சரியமில்லை. பொள்ளாச்சிப் பக்கத்திலும் ஒரு சிங்காநல்லூர் உண்டு. 'தேவர் மகன்' (1992) படத்தின் பெரிய வீடு அங்கேதான், ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம். ஒரு சிங்காநல்லூரில் ஸ்டூடியோ, இன்னொரு சிங்காநல்லூரில் நிஜ வீடு! என்னவர் இதைச் சொல்லி, வழி நெடுக தானே சிரித்துக் கொண்டு வந்தார்.

சின்னம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "வா அம்மிணி, வா கண்ணு. மாப்பிள்ளை வாங்கோ" என்று வழக்கம் போலக் குரல் கொடுத்தார். வாசலில் சாணி தெளித்திருந்தது, கோலம் இல்லை. மார்கழியில் அந்த வாசலில் கோலம் இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது. கேட்டதற்கு, "முட்டி வலி அம்மிணி, குனிய முடியறதில்லே" என்றார்.

ராத்திரி அரிசிம்பருப்புச் சோறு, நெய், அப்பளம். இரண்டாவது கவளத்தில் எனக்குக் கல் கடித்தது. பருப்பு அவருடைய காட்டுத் துவரை. சின்னம்மா புடைத்துப் பார்த்துப் பொறுக்கிய பருப்பில் கல்லா? வயசாகிறது என்று நினைத்து விழுங்கிவிட்டேன்.

சாப்பிட்டதும் ஆசாரத்தில் உட்கார்ந்து பழைய படங்களைப் பார்த்தோம். அதில் என் பெண் பார்க்கும் போட்டோவும் இருந்தது. கோவையில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. என் தாடையில் ஒரு மச்சம் உண்டு, அந்தப் படத்தில் அது இல்லை! நெகடிவ் மேல் கூர் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டு, பரு, மச்சம், சுருக்கம் எல்லாவற்றையும் சமப்படுத்துவதற்கென்றே அப்போது ஸ்டூடியோக்களில் ஆள் இருப்பார்கள். கல்யாணத்தன்று என் மாமியார் என் தாடையையே பார்த்துக் கொண்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"அது பொய், இது பொய் இல்லை" என்றாள் என் பெண். சுருக்கத்தை அழிப்பது வேறு, அதன் மேல் வெளிச்சத்தை மெல்ல விழ வைப்பது வேறு என்று அவளுக்கு ஒரு கட்சி. இந்த மெத்தென்ற படம் எடுப்பதற்கு முன்னோடியே ஒரு பெண்தானாம். ஜூலியா மார்கரெட் காமரன். 1815ல் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் இருந்தபோது, 1863ல், நாற்பத்தெட்டாவது வயசில், தனியாக இருக்கும் அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு காமிரா வாங்கிக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் நிலக்கரி போட்டு வைக்கும் அறையை இருட்டறையாக்கி, கோழிக் கூண்டைக் கண்ணாடிக் கூடமாக்கி, வீட்டு வேலைக்காரப் பெண்களையும் பெரிய கவிஞர்களையும் ஒன்று போலப் பிடித்து உட்கார வைத்துப் படம் எடுத்தார். படம் தெளிவாக இல்லை என்று அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் ஏளனம் செய்தார்கள். அவர் மாற்றிக் கொள்ளவில்லை. 1875ல் கணவரோடு இலங்கைக்குப் போய், அங்கே தோட்டத்தில் வேலை செய்த ஜனங்களையும் படம் எடுத்தார். 1879ல் அங்கேயே காலமாகி, மலைநாட்டில் பொகவந்தலாவையில் அடக்கமாகியிருக்கிறார்.

சின்னம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாப்பத்தெட்டுன்னா கொமரிதானே கண்ணு! எனக்கு அந்த வயசிலே ஆறு மாடு" என்றார். கையிலிருந்த என் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது" என்று வைத்தார். அது தலைகீழாக இருந்தது. நான் அதையும் கவனித்தேன், ஆனால் ஒன்றும் தோன்றவில்லை. கரண்டு வெளிச்சம் மங்கல், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்தால், தோப்பு இல்லை! முதல் வரிசைத் தென்னை தெரிந்தது, இரண்டாவது பாதி தெரிந்தது, மூன்றாவது ஒரு ஞாபகம் மாதிரி நின்றது. ஆனைமலை இருந்த இடமே தெரியவில்லை. இட்டேரியில் யாரோ இருமிக் கொண்டு போனது மட்டும் கேட்டது.

ஸ்டாக்கிங்ஸை எடு என்றேன். வேண்டாம் என்றாள். அப்போதுதான் அவள் ஒன்று சொன்னாள், எனக்கு அது பிடித்திருந்தது. பனி செய்கிற வேலை வேறு, வலை செய்கிற வேலை வேறு. பனி தூரத்தை மறைக்கும், கிட்டத்தில் இருப்பதைத் தொடாது. வலைக்கு எங்காவது ஒரு பளிச்சென்ற வெளிச்சம் வேண்டும், ஈர இலை, விளக்குச் சுடர், தலைமயிரில் படும் வெய்யில் என்று. அதைத்தான் அது பூவாக விரிக்கும். பனிக்குள் வலை போட்டால் கஞ்சியில் தண்ணீர் ஊற்றியது மாதிரி வெறும் வெளுப்புதான். "மெத்துன்னு இருக்கறதும் மங்கலா இருக்கறதும் ஒண்ணு இல்லேம்மா. கண்ணிமை ஒவ்வொண்ணும் தெரியணும், அதுக்கு மேலே வெளிச்சம் வழியணும்."

பனியில் வெளிச்சம் அளக்கும் கருவியை நம்பக் கூடாதாம். வெள்ளையைப் பார்த்தால் ரொம்ப வெளிச்சம் என்று ஏமாந்து, குறைத்துச் சொல்லிவிடும், பனி சாம்பலாகிவிடும். அதனால் ஒரு படி கூடவே கொடுக்க வேண்டும். நெகடிவ் கலர் பிலிமுக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடினால் கோபம் வராது, நிறங்கள் இன்னும் சாதுவாகும். குறைந்தால்தான் கோபித்துக் கொள்ளும். 400 வேகம் என்று அட்டையில் போட்டிருந்ததை இவள் 200 என்று வைத்தே அளந்தாள். சுருளின் விலை ஆயிரத்துக்கு மேல். பன்னிரண்டு படத்துக்கு! நான் மனசுக்குள் வகுத்துப் பார்த்து வாயை மூடிக் கொண்டேன்.

முதல் நாலு படம் தோப்பும் இட்டேரியும். ஐந்தாவது, கட்டுத்தரையில் சின்னம்மா மாட்டுக்குத் தவிடு கலக்குவது. ஆறாவது படத்தைத்தான் மறக்க முடியாது. வெந்நீர் அடுப்பில் தென்னை மட்டை புகைந்து கொண்டிருந்தது. ஏழேகாலுக்குச் சூரியன் தோப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. புகைக்குள் வெய்யில் கம்பி கம்பியாக விழ, சின்னம்மா ஒரு கையால் முந்தானையை இழுத்துக் கொண்டு திரும்பினார். அம்மாவே திரும்பின மாதிரி இருந்தது. என் பெண் வலையும் இல்லாமல் வாசலைனும் இல்லாமல் மூச்சைப் பிடித்துக் கொண்டு ஒன்றே ஒன்று எடுத்தாள்.

பிறகு வெய்யில் வந்ததும், திண்ணையில் உட்கார வைத்து வலையோடு எடுப்பது என்று ஏற்பாடு. மேல் லென்ஸில்தான் நாம் பார்க்கிறோம், கீழ் லென்ஸ்தான் எடுக்கிறது. வலையைக் கீழே கட்டினால் எப்படி வரும் என்று தெரியாது. ஆகவே முதலில் மேலே கட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் கீழே மாற்றுவாள். "அமுச்சி, நீங்களும் வந்து பாருங்க" என்று கூப்பிட்டு, என்னைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, சின்னம்மாவைக் காமிரா மேல் குனிய வைத்தாள்.

"தெரியுதா அமுச்சி?"

"தெரியுது கண்ணு. உங்கொம்மா வெள்ளையா உக்காந்திருக்கறா."

"இப்ப வலையைப் போடறேன். பாருங்க, எப்படி மாறுது?"

சின்னம்மா கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். "எப்பப் போடறே?" என்றார்.

"போட்டாச்சே!"

"அப்பவும் இப்படித்தான் இருந்துது, இப்பவும் அதேதான்."

விளையாடுகிறார் என்று என் பெண் சிரித்தாள். வலையை எடுத்தாள், போட்டாள், மறுபடி எடுத்தாள். சின்னம்மா நிமிர்ந்து, ரொம்ப சாதாரணமாக, "நெசமாத்தான் கண்ணு. எனக்கு எல்லாமே இப்படித்தான் தெரியுது. உங்களுக்கு வேற மாதிரியா தெரியுது?" என்றார்.

கோலம், கல், தலைகீழான போட்டோ. மூன்றும் ஒரே நேரத்தில் என் மண்டையில் வந்து விழுந்தன.

அடுப்படியில் கொண்டு போய் உட்கார வைத்துக் கேட்டேன். ரெண்டு வருஷமாகவே இப்படியாம். சாமி விளக்கைச் சுற்றிப் பூப்பூவாகத் தெரியுமாம். நிலா மூணு நிலாவாகத் தெரியுமாம். வெள்ளைச் சேலையும் சந்தனக் கலரும் ஒன்றாகிவிட்டன. பொழுதோட ரோட்டில் மோட்டார் சைக்கிள் விளக்கு வந்தால் அப்படியே நின்றுவிடுவார். கோலப்புள்ளி தெரியவில்லை, முட்டி வலி என்பது பொய். மாட்டுக்கு வழி தெரியும், அதன் கயிற்றைப் பிடித்துக் கொண்டு இவர் போய் வந்து கொண்டிருந்திருக்கிறார்!

"ஏன் சொல்லலே சின்னம்மா?"

"தம்பிகிட்டச் சொல்லிப் போடாதே சாமி. கண்ணு தெரியலேன்னா மாட்டை வித்துப் போட்டு என்னைத் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிருவான். மூணாவது மாடியிலே நான் என்ன பண்ணுவேன்?"

அதற்கு மேல் படம் எடுக்க யாருக்கும் மனசில்லை. ஆனால் சின்னம்மாதான் விடவில்லை. "பணம் போட்டு வாங்கினதாச்சே, முடிச்சுப் போடு" என்று திண்ணையில் போய் உட்கார்ந்தார். மீதி ஆறும் வலையோடு எடுத்தது.

அடுத்த வாரம் கோவைக்கு அழைத்து வந்து கண் டாக்டரிடம் காட்டினோம். இரண்டு கண்ணிலும் புரை. டாக்டரம்மா ரொம்பப் பொறுமையாகச் சொன்னார். கண்மணிக்குப் பின்னால் இருக்கிற லென்ஸ் வயசாக ஆகக் கலங்குகிறது, உள்ளே போகிற வெளிச்சம் சிதறுகிறது, விளக்கைச் சுற்றி வட்டம் தெரிவதும் நிறம் மங்குவதும் அதனால்தான். என் பெண் பக்கத்தில் நின்று, ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி, கையிலிருந்த பையைப் பார்த்தாள். அதற்குள் இருந்த ஸ்டாக்கிங்ஸ் செய்கிற வேலையும் அதுதானே!

டாக்டரம்மா சொன்னதில் நான் குறித்துக் கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன், எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு சின்னம்மா இருப்பார். புரையைக் கரைக்கிற சொட்டு மருந்து எதுவும் கிடையாது. இலைச் சாறு, தாய்ப்பால், தேன் என்று கண்ணில் விடவே கூடாது, புண்ணாகிவிடும். "நல்லா முத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று காத்திருந்தது அந்தக் காலம். இப்போது அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்று வந்துவிட்டாலே செய்து கொள்ளலாம். முற்ற விட்டால் வேலையும் கடினம், சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி வலியும் வரும். கலங்கின லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். கண்ணை மட்டும் மரக்க வைத்துத்தான் செய்வது, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். இன்னொன்று, விளக்கைச் சுற்றி வட்டம் தெரிவதோடு கண் சிவந்து, கடும் வலியும் வாந்தியும் வந்தால் அது வேறு வியாதியாக இருக்கலாம், ஒரு நாள் கூடத் தள்ளாமல் ஓட வேண்டும்.

தம்பியிடம் நான்தான் சொன்னேன். சின்னம்மா கேட்டுக் கொண்டதை மீறித்தான் சொன்னேன். அவன் உடனே திருப்பூரிலிருந்து வந்து, முதலில் அழுதான், அப்புறம் சத்தம் போட்டான், அப்புறம் மாட்டை விற்கிற பேச்சை எடுத்தான். சின்னம்மா எழுந்து போய் ஆஸ்பத்திரிக் காகிதத்தை அவன் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக் கொண்டார். "மாடு இருக்கோணும். இல்லேன்னா எனக்குக் கண்ணும் வேண்டாம்." ஒரு மாசம் பக்கத்துத் தோட்டத்துப் பெண் பால் கறந்து கொடுப்பது, சின்னம்மா எங்கள் வீட்டில் இருப்பது, அப்புறம் அவர் இஷ்டம் என்று முடிவாயிற்று. தம்பி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

தை மாசம் வலது கண். வேளா வேளைக்குச் சொட்டு மருந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, அடுப்புப் புகை பக்கம் போகக் கூடாது. கடைசிதான் கஷ்டமாக இருந்தது. காஸ் அடுப்பை அவர் அடுப்பு என்றே ஒப்புக் கொள்வதில்லை. கட்டு அவிழ்த்த அன்று என்னைப் பார்த்து முதலில் சொன்னது, "அம்மிணி, உனக்கு எப்ப இத்தனை நரை வந்துது?"

மாசி முதல் வாரத்தில் பெங்களூரிலிருந்து தபாலில் படங்கள் வந்தன. பன்னிரண்டில் ஒன்று ஆடிப்போயிருந்தது. இரண்டில் வலையின் ஓட்டை நடுவில் சரியாக உட்காராததால் சின்னம்மாவின் காது மட்டும் தெளிவு, முகம் எல்லாம் புகை! வலையோடு எடுத்ததில் ஒன்று நன்றாக வந்திருந்தது. நரை முடியில் வெய்யில் பட்டு வெள்ளி மாதிரி வழிந்தது. ஆனால் எல்லாரும் எடுத்து எடுத்துப் பார்த்தது ஆறாவது படத்தைத்தான். புகை, வெய்யில், முந்தானையை இழுத்த கை. அதைப் பார்த்து என்னவர் கூட, "அத்தை மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

சின்னம்மாவிடம் கொடுத்தோம். ஜன்னலடிக்குப் போய், ஒரு கண்ணை மூடிக் கொண்டு, புதுக் கண்ணால் ரொம்ப நேரம் பார்த்தார். என் பெண் போனில் காத்துக் கொண்டிருந்தாள். "எப்படி இருக்கு அமுச்சி?"

"படமெல்லாம் நல்லாத்தான் எடுத்திருக்கறே. எம்மூஞ்சி ஏன் இத்தனை பொகையா இருக்குது? சித்தெ தொடச்சுப் போட்டு எடுக்கக் கூடாதா?" என்றார். நாங்கள் சிரிப்பை அடக்குவதற்குள், படத்தின் ஓரத்தில் விரலை வைத்து என்னைக் கூப்பிட்டார். "இக்கட்டால வா அம்மிணி. இங்க பாரு, பொறகால நிக்கற செவலைக்குக் கழுத்துக் கயிறு நைஞ்சு கெடக்குது. இத்தனை பேர் பாத்தீங்களே, ஒருத்தராச்சும் சொன்னீங்களா? செவ்வாச் சந்தைக்கு ஆள் போனாப் புதுசு வாங்கியாரச் சொல்லோணும்."